நன்றிக் காணிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பால்வெட்டுக்காரன் மகன் (சுங்கை சிப்புட், மலேசியா)

அன்பர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தப் பண்டிகைக்கு வீட்டுக் கொல்லையில் விளைந்த மரவள்ளிக் கிழங்கு, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் தேவாலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். லயங்களை (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு எல்லோரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த பிறகு கொல்லையும் இல்லை, கோழியும் இல்லை; உறையில் பணம் வைக்கிறோம். அந்தப் பணத்தை இந்த ஆண்டு என்ன செய்வது என்று சபைக் குழுவில் பேச்சு நடக்கிறது. மண்டபத்துக்குக் குளிரூட்டியும் புதிய ஒலிபெருக்கியும் வாங்க வேண்டும் என்கிறார்கள் சிலர். ஊரில் சிரமப்படுகிறவர்களுக்குப் போக வேண்டும் என்கிறார்கள் சிலர். நான் இரண்டாவது பக்கம். ஏன் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

116-ஆம் சங்கீதத்தைப் பாடியவர், ஆண்டவர் செய்த உபகாரங்களுக்கெல்லாம் எதைச் செலுத்துவேன் என்று கேட்கிறார். நம் எல்லோருக்கும் உள்ள கேள்விதான் அது. கடவுளுக்கு நம்மிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் தமக்குச் செய்வதை யாரிடம் செய்ய வேண்டும் என்று மத்தேயு 25-இல் இயேசு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: பசித்தவர், தாகமாயிருப்பவர், அந்நியர், உடுக்க இல்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர். பேதுருவின் மாமியைப் பாருங்கள். காய்ச்சல் நீங்கியது, எழுந்தாள், பணிவிடை செய்தாள். மாற்கு இதை ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். அவளிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டளையிடவும் இல்லை.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை உதிர்த்த பின் கிளையில் தப்பியதைப் பறிக்காதே, திராட்சைத் தோட்டத்தை இரண்டாவது முறை துழாவாதே. அது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று மோசே சொல்கிறார். காரணமாக அவர் காட்டுவது எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்பதை. எங்கள் பாட்டன்மாரைக் கங்காணிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார்கள். 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை இது நடந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்த லயத்திலிருந்து நாங்கள் கல்விக்கும் வேலைக்கும் சொந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறோம். கொண்டுவந்து சேர்த்தவருக்கு என்ன செலுத்துவது?

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. நாம் கொடுப்பது உண்மையிலேயே நன்றி என்றால், வாங்குகிறவர் நமக்குக் கடன்பட்டவர் ஆகமாட்டார். கடன்பட்டிருப்பது நாம். வாங்குகிறவரிடம் நன்றியை எதிர்பார்க்கவோ, புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லவோ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கவோ நமக்கு எந்த உரிமையும் கிடையாது. விருந்து வைத்தால் பதிலுக்கு அழைக்க வழியில்லாதவர்களை அழை என்று லூக்கா 14-இல் சொல்லியிருப்பதும் இதைத்தான்.

எங்களைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

எபெனேசர் (கிள்ளான்)

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இரண்டு விஷயங்களில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற நளததைலத்தை இயேசுவின்மேல் ஊற்றினாள். முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தார்கள். ஒரு பணம் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பை அவள் ஒரு நிமிடத்தில் ஊற்றிவிட்டாள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, அவளுக்காகப் பேசினார். ஆராதனைக்குச் செலவு செய்வதும் நன்றிதான். வெயிலில் நடந்து வரும் வயதான தாய்மார்கள் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரூட்டி வாங்குவது ஆடம்பரம் ஆகுமா?

இரண்டாவது, நற்செய்தியைச் சொல்லாமல் அரிசி மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் நமக்கும் சமூக நலத்துறைக்கும் என்ன வேறுபாடு? பசியோடு இருக்கிறவருக்கு அப்பத்தைக் கொடுத்துவிட்டு ஜீவ அப்பத்தை மறைத்துவைப்பது அன்பா? இதை வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

வாத்தியார் (சுங்கை சிப்புட்)

எபெனேசர் அவர்கள் எடுத்துக்காட்டிய பகுதியில் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏழைகள் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள், உங்களுக்கு மனமுண்டாகும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்கிறார் இயேசு. அவர் நினைவூட்டுவது உபாகமம் 15-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்தை. தேசத்திலே எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்பது அங்கே கட்டளை. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அந்தத் தொடர்ச்சி மனப்பாடமாக இருந்திருக்கும். முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது இன்று நம்மிடம் வந்த பழக்கம்.

நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தம், மத்தேயு நற்செய்தியை விளக்கும்போது இதே கேள்வியைத் தன் சபைக்கு முன் வைத்தார். கிறிஸ்துவை இங்கே பட்டால் கௌரவித்துவிட்டு, வெளியே குளிரில் ஆடையில்லாமல் நிற்கும் கிறிஸ்துவைக் கடந்து போகாதே என்பது அவர் சொன்னதன் சாரம். அலங்கரிக்காதே என்று அவர் தடுக்கவில்லை. முதலில் பசித்தவரின் வயிற்றை நிரப்பு, மிஞ்சியதில் பீடத்தை அலங்கரி என்றார். வரிசையைத்தான் மாற்றச் சொன்னார். தாய்மார்கள் வேர்க்கிறார்கள் என்பது உண்மையான கவலை, அதற்கு இரண்டு மின்விசிறி வாங்கலாம்.

நற்செய்தி பற்றிய கேள்விக்கு, நம் நாட்டில் வாழ்கிறவர்கள் சட்டத்தையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு நான்காம் உட்பிரிவின்படி, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். எங்கள் பேராக் மாநிலத்தில் 1988 முதல் அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள்; பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுக்குக் கொடுக்கும் அரிசிப் பையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைச் செருகினால் அடுத்த மாதம் அந்த வாசலுக்கு யாருமே போக முடியாது. இங்கே நம் கைகள் செய்வதைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஏன் செய்கிறீர்கள் என்று அவர்களே கேட்டால் அன்றைக்கு ஆண்டவருடைய பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மத்தேயு 25-இல் அப்பம் வாங்கியவர்கள் விசுவாசித்தார்களா என்று நியாயாதிபதி கேட்கவே இல்லை.

சமைத்துக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் தொழிலாளிகளுக்கு நம் சமையலறையில் செய்த கறி வேண்டாம். மூட்டை பிரிக்காத அரிசி, சமையல் எண்ணெய், ஹலால் முத்திரையுள்ள பொருட்கள் என்று கொடுங்கள். வாங்குகிறவர் மனம் சங்கடப்படாமல் சாப்பிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி (ஈப்போ)

உங்கள் உரையாடலில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், அதைச் சற்று நீளமாகச் சொல்கிறேன். ஏனென்றால் தோட்டப் பட்டணங்களில் உதவி என்றதும் எல்லோரும் அரிசிப் பையைத்தான் நினைக்கிறார்கள்.

நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு (சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்வதற்கு) வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய்தான் காரணம். நம் மக்கள் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுவதும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரர்களுக்கும் அரசாங்க ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் சிகிச்சைச் செலவுக்கு வழிகள் உண்டு, அறநிறுவனங்கள் நடத்தும் நிலையங்களில் கட்டணமும் குறைவு. வீட்டைச் சாய்ப்பது போக்குவரத்து. சிகிச்சை முடிந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கால் மரத்துப்போகும். அந்த நிலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவது ஆபத்து. பஸ் பிடித்தாலும் இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். அதனால் மகனோ மகளோ வாரத்தில் மூன்று நாள் அரை நாள் விடுப்பு எடுக்கிறார்கள். எந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்? வேலை போகிறது. நோய் ஒருவருக்கு, வருமானம் போவது ஒரு குடும்பத்துக்கே. போக்குவரத்துக்கு வழியில்லாமல் ஒரு தவணையைத் தவறவிட்டவர்கள் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்ததை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மருந்து இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, வண்டி இல்லை. அந்த ஒன்று இல்லாமல் ஒரு மனிதர் சாக வேண்டுமா?

உங்கள் உணவுப் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பையில் என்ன இருக்கிறது? சார்டின் டின், உடனடி மீ, சோயா சாஸ், கெட்டிப் பால், மைலோ. சிறுநீரக நோயாளி வீட்டில் இவற்றில் பாதி விஷம். உப்பு ஏறினால் தாகம் ஏறும். தாகம் ஏறினால் தண்ணீர் குடிப்பார்கள். அந்தத் தண்ணீர் வெளியே போக வழி இல்லை. வாழைப்பழமும் இளநீரும் உடம்புக்கு நல்லது என்று அன்போடு வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. நட்சத்திரப் பழம் அதைவிட மோசம், ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. அரிசி கொடுங்கள், முட்டை கொடுங்கள், எண்ணெய் கொடுங்கள். எதைச் சாப்பிடலாம் என்று நோயாளியிடமே கேளுங்கள். உணவு ஆலோசகர் கொடுத்த தாள் அவர்கள் வீட்டில் எங்காவது ஒட்டியிருக்கும்.

நன்றிக் காணிக்கையைக் கேட்கிறீர்கள் என்பதால் என் கருத்து: பழைய வேன் ஒன்றும், ஓட்டுவதற்கு நான்கு மனிதர்களும். மற்றதெல்லாம் பிறகு.

இளையவன் (ஈப்போ)

மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டேன். எல்லாம் நல்ல செயல். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இந்தக் குடும்பங்கள் ஏன் ஏழையாக இருக்கின்றன? நான்கு தலைமுறை பால் வெட்டினார்கள், கடைசியில் தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து வீட்டைக்கூடக் காலி செய்யச் சொன்னார்கள். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், வயல்களை அறுத்த வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. கூலி கூக்குரலிடும் ஊரில் நாம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. டன் கணக்கில் குலை வெட்டுகிறவனுக்கு மழைக் காலத்தில் அது கைக்கு வருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? அரிசிப் பை கொடுத்து நம் மனச்சாட்சியைத் தூங்கவைத்துவிட்டால், கேட்க வேண்டிய கேள்வியை யார் கேட்பது?

பாகான் செராய் அக்கா

தம்பி, உன் கோபம் நியாயமானது, அதை விட்டுவிடாதே. ஆனால் கூலி உயரும்வரை சிறுநீரக நோயுள்ள ஒரு தாத்தா டயாலிசிஸுக்குப் போகாமல் இருக்க முடியாது. இரண்டு வேலையும் நமக்கு உண்டு, ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவைக்கக் கூடாது.

நான் கத்தோலிக்கப் பெண், சூசைப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். 1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்க் கத்தோலிக்கருக்காக இங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார். பின்னாளில் அவர் மலாக்கா ஆயரானார். கோயிலோடு நிலமும் வீடும் சேர்ந்து அமைந்த ஊர் எங்களுடையது. ஆன்மாவுக்கு ஒரு கட்டடம், வயிற்றுக்கு வேறோர் ஏற்பாடு என்று பிரித்துப் பார்க்காமல் எங்களை வளர்த்தார்கள்.

எங்கள் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. கத்தோலிக்கர் என்று பெருமை பேசுகிறீர்கள், ஏழைகளுக்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்ட கேள்விதான் அவர்களைக் கிளப்பியது. இளையவனே, ஓசானாம் பின்னாளில் தொழிலாளர் கூலியைப் பற்றியும் உரக்கப் பேசியவர்தான். வீடு வீடாகப் போனதால்தான் அவருக்கு அந்தக் குரல் வந்தது. அவர்கள் வைத்த பழக்கம் இன்றும் நடக்கிறது. வீட்டுக்கு எப்போதும் இருவராகப் போக வேண்டும். உட்கார வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதை வெளியே பேசக் கூடாது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று பங்கு மக்களுக்குத் தெரியாது, பூசையில் பெயர் வாசிக்கமாட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த உட்காருவதுதான். வாசலில் பையை வைத்துவிட்டு ஓடிவந்தால் என்ன தெரியும்? உட்கார்ந்தால்தான் மகள் பள்ளிக்குப் போகவில்லை என்று தெரியும், ஏன் போகவில்லை என்று தெரியும்.

ரூத்தின் கதையில் போவாஸ் தன் வேலையாட்களிடம், அவள் பொறுக்குவதற்காக அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று சொல்கிறான். அவள் மோவாபிலிருந்து வந்த வெளிநாட்டுப் பெண். அவளுக்குத் தெரியாமலே வழி செய்கிறான், தன் உழைப்பால் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்ற நிமிர்வை அவளிடமிருந்து பறிக்கவில்லை. நாமும் அப்படிச் சிந்தவிடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாத்தியார்

மகள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அக்கா கேட்டிருக்கிறார். பல வீடுகளில் அதற்கு விடை ஒரு காகிதம். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். தோட்டத்தில் கோவிலிலோ தேவாலயத்திலோ தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. தாய் தந்தை திருமணம் பதிவாகாமல், தாய் வெளிநாட்டவராக இருந்தால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பிறப்பை 60 நாளுக்குள் பதிவு செய்யாமல் விட்டுவிட்டாலும் அலைச்சல் கூடுகிறது. தேசியப் பதிவுத் துறைக்கு ஒரு முறை போய்வந்தால் அன்றைய கூலி போகும். அதிகாரி ஏதோ ஒரு கடிதம் கேட்பார், புரியாமல் திரும்பி வருவார்கள், மறுபடியும் போகமாட்டார்கள். மலாய் மொழியில் ஒரு மனு எழுதத் தெரிந்தவர், பாரம் (படிவம்) நிரப்பத் தெரிந்தவர், வரிசையில் கூட நிற்கக்கூடியவர் எங்கள் சபைகளில் எத்தனை பேர்! ஓய்வுபெற்ற கிராணிகள் (எழுத்தர்கள்), ஆசிரியர்கள். பணமே தேவையில்லாத காணிக்கை இது. இளையவன் கேட்ட நியாயத்தின் ஒரு பகுதியும் இதற்குள் இருக்கிறது.

இன்னொன்றும் இளையவனுக்கு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது இந்தச் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளிகள் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சேர்ந்து செய்வது நம் மக்களுக்குப் புதிதல்ல.

மூன்றாவது லயம் (சுங்கை சிப்புட்)

வணக்கம். நான் இந்து. நண்பர் ஒருவர் இந்த இழையைப் படிக்கச் சொல்லி அனுப்பினார். வாங்கிய பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

2021 ஜூலையில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பாராமல் எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்தார்கள், அதை மறக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் கொடி ஏற்ற என் தகப்பனார் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பசி தெரியும், பிச்சை தெரியாது. அதற்கு முன் ஓர் அமைப்பு (எது என்று சொல்ல விரும்பவில்லை, கிறிஸ்தவ அமைப்பு அல்ல) எங்களை மேடையில் வரிசையாக நிறுத்தி, பதாகைக்கு முன்னால் பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தது. அந்தப் படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது. பள்ளியில் என் மகளிடம் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பத்து கிலோ அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. படம் இன்னும் எங்கோ இருக்கிறது.

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது உங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துத் தெருக்காரர், பால் மரக் காட்டில் என் அம்மாவோடு வேலை செய்தவர். போகும் வழியெல்லாம் பழைய தோட்டத்துக் கதை பேசிக்கொண்டு போவார்கள். எங்கள் முருகன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். ஏன் அம்மா இவ்வளவு செய்கிறீர்கள் என்று ஒரு நாள் அப்பாவே கேட்டார். தன் மகன் சாகக் கிடந்து பிழைத்ததையும், அதற்குத் தன் ஆண்டவருக்கு நன்றி செலுத்துவதாகவும் சொன்னார். எங்கள் வீட்டில் அவருக்கு உள்ள மரியாதையை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆனால் முதலில் எழுதிய ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வாங்குகிறவர் கடன்பட்டவர் அல்ல என்கிறீர்கள். பெரிய வார்த்தை, கண் கலங்கிவிட்டது. என்றாலும், எங்களுக்குத் திருப்பிச் செய்ய ஆசை இருக்கிறதே, அதற்கு எங்கே இடம்? அந்த அம்மா எதையுமே வாங்கிக்கொள்ளாதபோது அப்பா உள்ளுக்குள் குறுகிப் போனார். எங்கள் வீட்டுப் பொங்கலை முதல் முறை அவர் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்ட அன்றுதான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நீங்கள் கொடுத்துக்கொண்டே இருந்து, நாங்கள் வாங்கிக்கொண்டே இருந்தால், அதுவும் ஒரு மேடைதானே?

எபெனேசர்

மூன்றாவது லயம் ஐயா எழுதியதைப் படித்தேன். நான் இரண்டாவதாகக் கேட்ட கேள்விக்கு அந்த அம்மாவின் காரில் பதில் இருக்கிறது. அவர் கேட்கப்பட்டபோது சொன்னார், மறைக்கவில்லை. எனக்கு அது போதும். குளிரூட்டி விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அது காத்திருக்கலாம்.

பால்வெட்டுக்காரன் மகன்

மூன்றாவது லயம் ஐயாவின் கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அவர் கேட்டது சரி. வேதத்தில் அதற்கும் வழி இருக்கிறது. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத்தில் ஒரு விதவையிடம், அவள் பானையில் இருந்த கடைசிப் பிடி மாவில் தனக்கு ஓர் அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் அந்நிய நாட்டவள், வேறு தெய்வங்களை வணங்கும் ஊர்க்காரி. இயேசு யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் முதலில் கேட்டது தாகத்துக்குத் தண்ணீர். கொடுக்க வந்தவரே கை நீட்டுகிறார். நம்மிடம் உள்ளதெல்லாம் வாங்கியதுதான் என்று நம்புகிறவன், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்வதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. நான் முதலில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: நன்றியைக் கேட்டு நிற்கக் கூடாது; தானாக வரும்போது தட்டிவிடவும் கூடாது.

குழுவில் பேசினோம். பெரும்பான்மையோர் வேனுக்குச் சம்மதித்திருக்கிறார்கள், மண்டபத்துக்கு மின்விசிறிகள் வரும். கணக்கைப் பற்றிச் சிலர் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குறைசொல்ல இடம் வைக்காமல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். எனவே பெட்ரோல், பராமரிப்பு, சாலை வரி, காப்புறுதி எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, மாதாமாதம் அறிவிப்புப் பலகையில். பயணிகளின் பெயர் மட்டும் எங்கும் ஒட்டப்படாது. வேனில் சபையின் பெயரை எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. வாசலில் அந்த வண்டி நின்றாலே இந்த வீட்டுக்கு உதவி வருகிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

வாத்தியார் சனிக்கிழமை காலைகளில் பாரம் நிரப்ப உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். இடம் தேவாலயம் அல்ல, பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையின் பின்பக்கம். தேவாலயத்துக்குள் வரத் தயங்குகிறவர்களும் வர வேண்டும் என்பதற்காக.

இளையவனுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் எழுதுவது எப்படி என்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வர முடியுமா?

இளையவன்

வருகிறேன். மலாயில் எழுதக்கூடிய நண்பர் ஒருவரையும் அழைத்து வருகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளிகளும் வரலாம் அல்லவா?

வாத்தியார்

கட்டாயம் வரலாம். அவர்களுக்குத்தான் முதலில் தேவை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. ஆவணமில்லாமல் இருப்பவருக்குத் தங்க இடம் கொடுப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். சட்ட ஆலோசனை தேவைப்படும் விவகாரங்களைச் சட்ட உதவி அமைப்புகளிடம் அனுப்புவோம், நாமே கையாளத் துணிய வேண்டாம்.

மூன்றாவது லயம்

எனக்கு லாரி ஓட்டிய அனுபவம் உண்டு, உரிமமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆராதனை, எனக்கு ஓய்வு நாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை மாலைக்கும் நான் ஓட்டுகிறேன். அப்பாவைப் போன்றவர்களுக்கு வேனின் படி உயரமாக இருக்கும். எங்கள் வீட்டில் நல்ல பலகை கிடக்கிறது, தனியாக ஒரு மரப்படி செய்து கொடுத்துவிடுகிறேன். எத்தனை அங்குலம் வைக்கலாம்?

ஓய்வுபெற்ற தாதி

ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் தம்பி, வழுக்காத ரப்பர் ஒட்டுங்கள். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். டயாலிசிஸுக்கு ஊசி போடும் கையில் பாரம் கொடுத்துப் பிடித்து ஏறக் கூடாது. சிலருக்கு அது இடது கை, சிலருக்கு வலது கை. ஓட்டப் போகிறவர்கள் நால்வரும் ஒரு நாள் என்னிடம் வாருங்கள். தலைசுற்றல் வந்தால் எப்படிப் படுக்கவைப்பது, ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிந்தால் எங்கே எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது என்று காட்டித் தருகிறேன்.